இருபத்திமூன்று தலைப்புகள்

1

இந்தக் கதை என்னுடைய கெட்ட பழக்கம் ஒன்றிலிருந்து பிறந்தது. எதற்கும் ஒரு தலைப்பு வைக்காமல் என்னால் இருக்க முடியாது. மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே ஒரு தலைப்பு எழுதி, கீழே கோடு போட்டுவிட்டுத்தான் உப்பு, புளி என்று தொடங்குவேன். இதைப் பார்த்து என் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொண்டது சரிதான் என்று பிறகு தெரிந்தது. இந்தப் பழக்கத்தால் இருபத்திமூன்று பேருடைய வேலை ஒரு மத்தியானம் முழுக்க அந்தரத்தில் தொங்கியது.

அதை மறைத்துவிட்டு வேறு கதை எழுதலாம் என்று மூன்று மாதம் முயன்றேன். எதை எடுத்தாலும் இதுதான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் வந்து நின்றது. சரி, ஒப்புக்கொண்டு தொலைக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் யாருக்கும் பெயர் கிடையாது. சோம்பல் என்று நினைக்க வேண்டாம். காரணம் நான்காம் பகுதியில் வருகிறது. (பொறுமை இல்லாதவர்கள் நேராக அங்கே போகலாம். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"நீராவி மூட்டத்துக்குள் அவள் முகம் ஒரு கனவைப் போல"

இதை அக்காவிடம் காட்டினேன்.

"யாருடி இது?"

"நீதான்."

"நான் எப்ப மூட்டத்துக்குள்ள நின்னேன்? அங்க நின்னா வெந்து போயிடுவேன். பக்கத்துல நிப்பேன்னு எழுது."

அடித்துவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

"குறியாக்கம் என்பது ஒரு செய்தியை, அதற்குரியவர் அல்லாத பிறர் படிக்க இயலாத வண்ணம்"

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. வாசகர் என்ன பாவம் செய்தார்?

மூன்றாவது முயற்சி, உள்ளதை உள்ளபடி:

என் அக்கா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். மருத்துவமனைகள், விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் வருகின்றன. துவைத்த விரிப்பைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் இஸ்திரி போட்டு வெளியே வரும். அக்காவின் வேலை விரிப்பின் நுனியைப் பிடித்து உருளைக்குள் கொடுப்பது. கை உள்ளே போகாமலிருக்க அந்த இயந்திரத்தில் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. கம்பி இருந்தால் விரிப்பு மெதுவாகப் போகிறது என்று போன வருடம் அதைக் கழற்றிவிட்டார்கள். அதிலிருந்து யாராவது ஒருவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு திரிவது அங்கே வழக்கமாகிவிட்டது. அக்காவின் இடது சுண்டுவிரலும் சுட்டுப்போய், நகம் கோணலாக வளர்ந்திருக்கிறது. "வளைச்சு வளைச்சுக் கோலி ஆட வசதியா இருக்கு" என்பாள்.

கம்பியைத் திரும்ப மாட்டச் சொல்லி ஒரு மனு போடுவது என்று முடிவானது. அதற்கு மொத்தம் இருபத்திமூன்று பேர், நடந்ததை நடந்தபடி சொல்லி வாக்குமூலம் கொடுக்கச் சம்மதித்தார்கள். ஒரே நிபந்தனை: தொழிலாளர் அலுவலகத்தில் மனு பதிவாகும் வரை யார் யார் என்பது வெளியே தெரியக்கூடாது. பதிவான பிறகு யாரையும் சுலபத்தில் வேலையைவிட்டு நீக்க முடியாது. அதற்கு முன்னால் தெரிந்தால், நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

3

இப்போது கணினிகள். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அக்கா வீட்டில் இருப்பது பழைய விண்டோஸ் மடிக்கணினி. திரையின் ஒரு மூலை எப்போதும் பச்சை. என்னுடையது மேக். எழுத்தாளர் என்றால் அதுதான் வைத்திருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியது. மனுவைப் பதிவு செய்யப்போகிற வக்கீலம்மா லினக்ஸ்காரர். "என் கட்சிக்காரங்க ரகசியத்தை நான் பார்த்து வெச்ச பெட்டியிலதான் வைப்பேன்" என்பார். மூன்று பேருக்கும் நடுவே கோப்புகள் போய்வர வேண்டும். போகிற வழியில் யார் கையில் சிக்கினாலும் திறக்கக்கூடாது.

வக்கீலம்மா முதலில் தன் கணினியில் பூட்டுப் போட்ட ஒரு காலி பென்டிரைவைக் கொடுத்தனுப்பினார். அவருடைய லினக்ஸ் போட்ட பூட்டு விண்டோஸுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அது, "இதைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று பணிவாகக் கேட்டது. அக்கா ஆம் என்று அழுத்திவிட்டாள்.

"ஏன் அழுத்தினே?"

"ஃபார்மட்னா என்னன்னு கேட்டேன். எல்லாத்தையும் துடைச்சுச் சுத்தம் பண்றதுன்னு உங்க அத்தான் சொன்னார். நாங்க எந்த மூட்டை வந்தாலும் முதல்ல வெளுத்துட்டுத்தாண்டி அடுத்த வேலை பார்ப்போம். வெளுக்கவான்னு ஒருத்தர் கேட்டா வேண்டாம்னு சொல்ல எனக்கு வாயே வராது."

(வக்கீலம்மாவிடம் இதைச் சொன்னபோது தொலைபேசியில் சத்தமே வரவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம்.)

பிறகு நான் களத்தில் இறங்கினேன். இரண்டு நாள் இணையத்தில் படித்துவிட்டு, இரண்டு வருடம் படித்தவள் மாதிரிப் பேசத் தொடங்கினேன். பென்டிரைவை மூன்று கணினிகளும் ஏற்றுக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றினேன். மூன்றிலும் ஓடுகிற இலவச மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கோப்புகளையெல்லாம் ஒரே பொட்டலமாகக் கட்டி, கடவுச்சொல் போட்டு இறுக்கிவிடும். கடவுச்சொல் பொட்டலத்தோடு போகக்கூடாது, வேறு வழியில் போக வேண்டும் என்பது வக்கீலம்மாவின் கட்டளை. அதனால் நேரில் மட்டும் சொல்லிக்கொண்டோம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அக்கா என்னைத் திட்டிய முழு நீள வாக்கியம் ஒன்றுதான் கடவுச்சொல். முப்பத்தொன்பது எழுத்து.

(அது என்ன என்று இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உங்கள்மேல் சந்தேகம் இல்லை, அந்தத் திட்டு அப்படிப்பட்டது.)

வக்கீலம்மாவுக்கு அதைச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. நீதிமன்ற வாசலில் நின்று அவர் காதில் மெல்லச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது உங்களுக்குச் சொன்னதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "நல்ல அக்கா" என்றார்.

4

பெட்டி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சாவி மூன்று தலைகளுக்குள் இருக்கிறது. இனி என்ன கவலை?

அக்கா ஒவ்வொருவரிடமும் கைப்பேசியில் பதிவு செய்து வந்த வாக்குமூலங்களை நான் தட்டச்சு செய்தேன். இருபத்திமூன்று கோப்புகள். "கோப்பு 1", "கோப்பு 2" என்று சேமித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என்னால் முடியவில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு பேசியிருந்தார்கள்! அதற்கு வெறும் எண்ணா? ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் பேசியவருடைய முழுப் பெயரை முதலில் போட்டேன், பக்கத்தில் நான் வைத்த தலைப்பு. "இன்னார் - கோணல் நகம்." "இன்னார் - மூன்று நிமிட விடுப்பு." "இன்னார் - கம்பியை எங்கே வைத்தீர்கள்?" கடைசித் தலைப்பை வைத்துவிட்டு எழுந்து போய், எனக்கு நானே ஒரு தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மனு பதிவாக வேண்டும். அன்று காலை பொட்டலத்தை பென்டிரைவில் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். வேலை முடிந்து நான்கு மணிக்கு அவளே வக்கீலம்மாவிடம் கொண்டுபோவதாக ஏற்பாடு. எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கிளம்பிய பிறகு அதே பொட்டலத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட்டேன். இந்த ஒரு அவசரக்குடுக்கைத்தனத்துக்காக மட்டும் என்னைப் பாராட்டலாம்.

பன்னிரண்டரைக்கு வக்கீலம்மா கூப்பிட்டார்.

"கிடைச்சுது. பூட்டு நல்லாத்தான் இருக்கு. உள்ள எதையும் கடவுச்சொல் இல்லாம படிக்க முடியாது."

"நன்றிங்க."

"இருங்க, முடிக்கல. கதவுல இருபத்திமூணு பேர் பேரையும் நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்களே, அது எதுக்கு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். பூட்டியது கோப்புகளின் உள்ளே இருப்பதை மட்டும். கோப்புகளின் பெயர்ப் பட்டியல் பூட்டுக்கு வெளியே நிற்கிறது. பொட்டலத்தை எந்தக் கணினியில் சொடுக்கினாலும், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே பட்டியலைக் காட்டிவிடும். பெயர்களையும் சேர்த்து மறைக்க அந்த மென்பொருளிலேயே ஒரு வழி இருந்தது. ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு சொடுக்கு. நான் தலைப்பு வைக்கும் ஆனந்தத்தில் அதைக் கவனிக்கவில்லை.

"அந்த பென்டிரைவ் எங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"அக்காகிட்ட."

"அக்கா எங்க?"

"அங்கேதான்" என்றேன்.

இதனால்தான் இந்தக் கதையில் பெயர்கள் இல்லை. ஒரு தடவை போட்டுப் பட்டது போதும்.

5

சலவைக்கூடத்தில் வேலை நேரத்தில் கைப்பேசிகள் அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கும். அக்காவை அழைக்க வழியில்லை. ஓடிப்போய்ப் பேருந்தைப் பிடித்தேன்.

பேருந்தில் போகும் நேரத்தில் சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவரை எழுதத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. முதல் பிரதியில் அவருக்குப் பெரிய மீசை வைத்து, கண்களைச் சிவப்பாக்கி, கையில் ஒரு சங்கிலியும் கொடுத்திருந்தேன். அக்கா ஓரத்தில் எழுதினாள்: "மீசையே கிடையாது. சங்கிலி எதுக்கு, அவர் என்ன மாடா மேய்க்கிறார்?"

உண்மையான மனிதர் ஒல்லியாக, எப்போதும் எதையோ தேடிக்கொண்டிருப்பவர் மாதிரி இருப்பார். கம்பியைக் கழற்றியது அவர்தான். மேலிடத்திலிருந்து வந்த உத்தரவைக் காட்டிவிட்டு, தன் கையாலேயே திருகாணிகளைக் கழற்றினார். ஆனால் அவரிடம் வேறொரு குணமும் இருந்தது. சலவைக்கு வரும் துணிகளின் பைகளைத் துழாவிப் பார்க்க அங்கே ஓர் ஆள் உண்டு. ஒரு பேனா உள்ளே போனால் அந்தச் சுற்று விரிப்பு எல்லாமே பாழ் என்பதால் அந்த ஏற்பாடு. துழாவி எடுத்ததெல்லாம் சூப்பர்வைசர் மேசையில் ஒரு தட்டுக்குப் போகும். அதற்கு அநாதைத் தட்டு என்று பெயர். அதில் வந்து விழும் ஒவ்வொரு பொருளுக்கும் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு தலையணை உறைக்குள் கிடைத்த காது கேட்கும் கருவிக்காக நான்கு விடுதிகளுக்குத் தொலைபேசி செய்து, ஒரு முதியவரிடம் சேர்த்தாராம். பென்டிரைவ் கிடைத்தால் என்ன செய்வார்? யாருடையது என்று பார்க்கக் கணினியில் செருகுவார். நல்ல எண்ணத்தில்தான்.

(இது எனக்குப் பிடிக்கவே இல்லை. கெட்டவனாக இருந்தால் எழுதுவது எவ்வளவு சுலபம்!)

அக்கா பென்டிரைவைக் கண்ட இடத்தில் வைக்க மனமில்லாமல், உடம்போடு இருக்கட்டும் என்று ஏப்ரன் பைக்குள் போட்டிருந்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு எல்லாரும் அழுக்கு ஏப்ரனைக் கழற்றிச் சலவைக்குப் போட்டுவிட்டு வெளுத்ததைக் கட்டிக்கொள்வார்கள். பல வருடப் பழக்கம். கை தானாகச் செய்யும்.

நான் வாசலில் போய் நின்று, வீட்டில் அவசரம் என்று காவலாளியிடம் சொல்லி அக்காவை வெளியே வரவழைத்தபோது மணி ஒன்றே முக்கால்.

"என்னடி, முகம் வெளிறிக் கிடக்கு?"

சொன்னேன். அவள் கை ஏப்ரன் பைக்குப் போனது. வெளுத்து, இஸ்திரி போட்டு, காலியாக இருந்தது பை.

6

முடிவுகள் இங்கிருந்து தொடங்குகின்றன.

முடிவு அ: சூப்பர்வைசரின் கணினியும் ஃபார்மட் செய்யவா என்று கேட்க, அவரும் ஆம் என்று அழுத்திவிடுகிறார். எல்லாம் அழிந்து எல்லாரும் பிழைக்கிறார்கள். மடித்த விரிப்பு மாதிரி நான்கு மூலையும் சேர்ந்துவிடும். ஆனால் பென்டிரைவை எல்லாக் கணினிகளுக்கும் புரியும்படி மாற்றி வைத்த மகராசி நான்தானே. அழிந்திருக்காது.

முடிவு ஆ: அவர் தட்டைத் தொடவே இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். இதை எழுதினால் கதைக்கு ஏன் வந்தோம் என்று நீங்கள் கேட்பீர்கள்.

நடந்தது: காவலாளியிடம் கெஞ்சி என்னையும் உள்ளே விடவைத்து, அக்கா முன்னால், நான் பின்னால், சூப்பர்வைசருடைய அறைக்குள் போனோம். நாற்காலி காலி. அநாதைத் தட்டில் இரண்டு பித்தான்கள், ஒரு சீப்பு. பென்டிரைவ் கணினியில் செருகி இருந்தது. திரையில் பட்டியல் விரிந்து கிடந்தது. இருபத்திமூன்று பெயர்கள், பக்கத்தில் என் தலைப்புகள், அகர வரிசையில். அவ்வளவு அழகாக அச்சில்கூட என் எழுத்தை நான் பார்த்ததில்லை.

அக்கா பென்டிரைவைப் பிடுங்கினாள். வெளியே மூன்றாம் இயந்திரத்தின் உருளையில் விரிப்பு சுற்றிக்கொண்டதால் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் அங்கே குனிந்து நின்றார். படித்துவிட்டு எழுந்து போனாரா, படிக்கும் முன்பே சத்தம் கேட்டு ஓடினாரா? எங்களுக்குத் தெரியவில்லை.

7

இரண்டு மணித் தேநீர் இடைவேளையில், துணி வண்டிகளுக்குப் பின்னால், இருபத்திமூன்று பேர் முன்னால் நின்று என் தப்பை நானே சொன்னேன். மேடைகளில் பேசியிருக்கிறேன். தலைப்பு வைக்காமல் பேசியது அன்றுதான்.

சிலர் திட்டினார்கள். திட்டட்டும், நியாயம்தான். பாய்லர் அறைக்காரர் மட்டும், "எனக்கு என்ன தலைப்பு வெச்சீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "பரவாயில்ல, நல்லாருக்கு" என்றார். யாரோ சிரித்தார்கள்.

"பார்த்தாரா இல்லையான்னு நாலு மணி வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்க என்னால முடியாது" என்றாள் அக்கா. "நாமளே போய்ச் சொல்லிடலாம். ஒரு தாள்ல எல்லாரும் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில கொடுப்போம். இவ பூட்டுன பூட்டை நாமளே திறந்த மாதிரி இருக்கட்டும்."

வக்கீலம்மாவை என் கைப்பேசியில் கேட்டோம். "கொடுங்க. எல்லாரும் ஒண்ணா நின்னா ஒரு மணி நேரத்துல யாரையும் தனியாப் பிரிச்சு நீக்க முடியாது. நான் இப்பவே மனுவோட கிளம்பறேன். மூணு மணிக்குப் பதிவாயிடும்" என்றார்.

தாள் சுற்றி வந்தது. ஒரு பெண் மட்டும் பேனாவை வாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆனவள். ஆறு மாதத் தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. மனு பதிவானாலும் அவளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது அப்போது வக்கீலம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. "நான் வரலக்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அக்கா அவள் கையிலிருந்த தேநீர்க் குவளையை வாங்கிக் கழுவி வைத்தாள். வக்கீலம்மா அவளுடைய கோப்பை மனுவிலிருந்து எடுத்துவிட்டார்.

இருபத்திரண்டு பேர் சூப்பர்வைசருடைய அறைக்குள் போனார்கள். நான் வெளியாள், அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றேன். கதவு திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

அக்கா தாளை நீட்டினாள். அவர் வாங்கி, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். மறுபடி மேலே போய் ஒரு தடவை ஓட்டினார். பிறகு சொன்னார்:

"ஒரு பேரு குறையுதே?"

பார்த்திருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். யார் குறைகிறாள் என்பதும் தெரியும்.

"இல்லீங்க சார்" என்றாள் அக்கா. "சரியாத்தான் இருக்கு. நீங்க எண்ணினதுல தப்பு இருக்கும்."

அவர் தாளைப் பார்த்தார். வெறும் திரையைப் பார்த்தார்.

"இருக்கும்" என்றார். "நான்தான் தப்பா எண்ணியிருப்பேன்."

8

மனு அன்று மூன்று மணிக்குப் பதிவானது. ஐந்து வாரத்தில் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். தடுப்புக் கம்பி திரும்பி வந்துவிட்டது. திருகாணிகளை முடுக்கியவரும் அந்த சூப்பர்வைசரேதான். விரிப்பு இப்போது மெதுவாகப் போகிறது. அக்கா அதற்கும் குறை சொல்கிறாள்.

இந்தக் கதையை அக்காவுக்கும் வக்கீலம்மாவுக்கும் அனுப்பிப் படிக்கச் சொன்னேன். (பூட்டித்தான் அனுப்பினேன். கட்டத்தில் சொடுக்கினேன். கோப்பின் பெயர்: "கோப்பு 1".) "தப்பா எண்ணியிருப்பேன்" என்ற வரிக்குப் பக்கத்தில் அக்கா எழுதியிருக்கிறாள்: "சொல்லும்போது சிரிச்சார். அதையும் போடு." அதற்குக் கீழே வக்கீலம்மா: "எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது எச்சரிக்கை. தெரியும், சமயம் வரும்போது பார்க்கிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். நான் அங்கே இல்லைதான், ஆனாலும் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்."

மூன்றாவதாக ஒன்றும் எனக்குத் தோன்றுகிறது. தான் கையெழுத்துப் போட முடியாத இப்படியொரு தாளை வேறு யாராவது கொண்டுவரமாட்டார்களா என்று, கம்பியைக் கழற்றிய நாளிலிருந்து அவர் தேடிக்கொண்டிருந்தாரோ என்னவோ. எழுத்தாளர் புத்தி, அப்படித்தான் போகும்.

நான் கண்ணாடிக்கு வெளியே நின்றவள். உள்ளே இருபத்திரண்டு பேர் மூச்சு, பக்கத்து இயந்திரங்களின் ஆவி, கண்ணாடி முழுக்க வெள்ளை. குரல் கேட்டது, தலையும் கையும் நிழலாக அசைந்தன, முகம் தெரியவில்லை. சிரிப்பை எழுதிப் பார்த்தேன். சிரிக்காததையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் என் கையெழுத்தாகவே இருக்கிறது, அவர் முகமாக இல்லை.

ஆகவே அந்த முகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் கேள்வி கேட்கமாட்டேன். எழுதுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுடைய தகுதிகாண் காலம் வரும் திங்கட்கிழமை முடிகிறது. அவளை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.